துவக்கு வாங்குகிற வரிசை

வரிசை ஓர் அடி நகர்ந்தது. துவாரகனும் நகர்ந்தான். ஆயுதக் கிடங்கின் யன்னல் இப்போது நன்றாகத் தெரிந்தது, தபாற்கந்தோர் யன்னல் மாதிரி ஒரு சின்னச் சதுரம், இரும்புத் தட்டி மேலே சுருட்டியிருந்தது, உள்ளே மஞ்சள் விளக்கு. ஒவ்வொருவராகப் போய்க் குடும்பப் பெயரைச் சொன்னார்கள், துவக்கை வாங்கினார்கள், அதில் வெட்டியிருந்த இலக்கத்தை உரக்க வாசித்தார்கள், இடப்பக்கமாகத் திரும்பிப் போனார்கள். இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்க வேண்டும் என்று சார்ஜன்ட் லிண்ட் நேற்றே காட்டித் தந்திருந்தார். கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இருந்தது. துவாரகன் வாங்கப் போவதில்லை. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை, காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, வாயில் நுரையோடு, மாட்டேன் என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது, நுரை மட்டும் கொஞ்சம் கண்ணாடியில் தெறித்தது. படத்தில் என்றால் இந்த இடத்தில் மழை பெய்யும், வயலின் அழும், வரிசையில் நிற்கிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே ஆவணி மாதத்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சுவீடனின் வடக்கில் கிடைக்கிற வெயில், பார்க்க வடிவு, உறைக்காது. முன்னால் நின்ற எல்சா கார்ல்சன் சுவிங்கம் மென்றாள். அவளுடைய பிடரியில் ஒரு நுளம்பு உட்கார்ந்திருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது குடித்து முடித்துவிட்டுப் பறந்து போனது. எவ்வளவு பெரிய காரியம் செய்ய வந்தவன் ஒரு நுளம்புக்கு வாய் திறக்கவில்லை பாருங்கள். பரவாயில்லை, வாயைச் சேமித்து வைத்திருக்கிறான்.

"கதிரவேலு! இடைவெளி விடாதே!" என்று லிண்ட் பின்னாலிருந்து சத்தம் போட்டார். அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். கதிரவேலு அவனுடைய பெயர் அல்ல, அவனுடைய தாத்தாவின் பெயர், உரும்பிராயில் கடைசிவரை தோட்டம் செய்து, கடல் தாண்டாமல், கடல் தாண்டுகிற ஆசையும் இல்லாமல் செத்துப்போனவர். அப்பா செல்வநாதன் அகதியாக இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது விண்ணப்பத்தில் தகப்பன் பெயரை எழுத, அது குடும்பப் பெயராகப் பதிவாகிவிட்டது, இப்போது பேரனின் நெஞ்சில் பச்சைத் துணியில் கறுப்பு நூலால் தைத்துக் கிடக்கிறது. விடிந்ததிலிருந்து படுக்கும் வரை ஒரு வெள்ளைக்காரச் சார்ஜன்ட் அந்தப் பெயரைப் போட்டு ஏலம் போடுகிறார், கதிரவேலு ஓடு, கதிரவேலு படு, கதிரவேலு சப்பாத்து நாடாவைக் கட்டு. தாத்தா கேட்டிருந்தால் மண்வெட்டியோடு வந்திருப்பார். அம்மா மனோரஞ்சிதத்துக்கோ அந்தப் பெயர் வாயில் வராது, மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது, ஆஸ்பத்திரியில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டுவாள், இவ்வளவு காலம் இந்த நாட்டில் இருந்தும் ஒரு தரம்கூடத் தன் குடும்பப் பெயரைத் தன் வாயால் சொன்னதில்லை. சின்ன வயதில் துவாரகன் அவளைச் சீண்டுவான், சொல்லுங்கோ அம்மா, ஒருக்கால் சொல்லுங்கோ, சொக்லேட் தாறன். "போடா அங்காலை," என்பாள், சிரிப்பாள், சொல்லமாட்டாள். சத்தம் போடாமல், சண்டை பிடிக்காமல், கைப்பையைத் திறந்து மூடியே ஒரு சொல்லை ஆயுள் முழுக்க மறுத்த பெண். அவள் வயிற்றில் பிறந்தவனுக்கு ஒரு காலை நேரம் ஒரு துவக்கை மறுப்பது பெரிய காரியமா என்ன?

வரிசை நகர்ந்தது. எண்ணெய் மணம் வந்தது, துவக்குக்குப் போடுகிற எண்ணெய், பள்ளிக்கூடத்துத் தையல் மெசினுக்குப் போடுகிற எண்ணெயும் இதே மணம்தான். அவன் ஏன் இந்த வரிசையில் நிற்கிறான் என்றால், அதற்குக் காரணம் நாட்டுப்பற்று அல்ல, வீரம் அல்ல, கெட்டித்தனம். கட்டாயப் பட்டாள சேவைக்கான ஆட்சேர்ப்புச் சோதனைக்குப் போகும்போது கூடப் படித்தவர்கள் நல்ல புத்தி சொல்லித்தான் அனுப்பினார்கள், இடைக்கிடை பிழையாகக் குறி, சைக்கிள் மிதிக்கச் சொன்னால் பாதியில் மூச்சு வாங்கு, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவனும் அப்படித்தான் செய்வது என்று போனான். அப்போது அவனிடம் கொள்கை என்று ஒன்றும் இருக்கவில்லை, சோம்பல் இருந்தது, பல்கலைக்கழகத்துக்குப் போகிற அவசரம் இருந்தது. கணினித் திரையில் கேள்வி வந்தது, மடித்த கடதாசியில் ஓட்டை போட்டால் விரித்த பிறகு எப்படி இருக்கும், அவனுக்கு விடை தெரிந்தது, பிழையான விடைமேல் விரலைக் கொண்டுபோனான், விரல் அங்கே இறங்க மாட்டேன் என்றது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து பழக்கிய விரல் அது. "தெரியாட்டிலும் எழுது. வெறுமையா விட்டிட்டு வந்தா வீட்டுக்கு வராதை," என்று அம்மா வாசலில் நின்று சொல்லிச் சொல்லி அனுப்பிய விரல். ஒன்றே ஒன்றையாவது பிழைவிடுவோம் என்று பார்த்தான், அடுத்ததில் விடுவோம், அடுத்ததில் விடுவோம் என்று போய்ச் சோதனை முடிந்துவிட்டது. சைக்கிளில் ஏறினால் அங்கே நின்ற தாதி இன்னும் கொஞ்சம் முடியும் என்றாள், முடிந்தது. கடைசியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, ஆயுதம் ஏந்துவதில் உனக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா என்று மரியாதையாகக் கேட்டார், நேரடியாகக் கேட்டார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. துவாரகன், பிரச்சினை இல்லை என்றான். அப்பா இந்த நாட்டில் படித்த முதல் சுவீடிஷ் வசனம் அது, குடிவரவுக் காரியாலயத்தில், வேலை இடத்தில், பனியில் பஸ் சறுக்கி நின்றபோது, எந்த மேசைக்கு முன்னாலும் அப்பாவுக்கு அது ஒன்றுதான் வரும், பிரச்சினை இல்லை. பிள்ளைக்கும் அது இரத்தத்தில் வந்துவிட்டது. வேறு எந்த வீட்டுப் பொடியனும் இப்படி முழுப் புள்ளி வாங்கிப் பட்டாளத்துக்கு வந்திருக்க மாட்டான், எங்கள் வீடுகளில்தான் இப்படி நடக்கும்.

முழுப் புள்ளி. அந்தச் சொல் இப்போது தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. போன கிழமை பெரிய மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள், சுவர் முழுக்கத் திரை, திரையில் காடு, முகாமைச் சுற்றி நிற்கிற இதே காடுதான், பேர்ச் மரம், பைன் மரம், சுட்டால் ஒளி மட்டும் பாயும் விளையாட்டுத் துவக்கு. பச்சை விளக்கு எரிந்தால் சுட வேண்டும், சிவப்பென்றால் விரலை எடுக்க வேண்டும், இதைவிடச் சுலபமான சோதனை உலகத்தில் இல்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து உருவங்கள் வந்தன. வந்த வந்த உருவத்தை அவன் விழுத்தினான். கையும் கண்ணும் மூச்சும் ஒன்றாகிவிட்டன, அப்படி ஓர் ஆனந்தம், பொய் சொல்லி என்ன, அப்படி ஓர் ஆனந்தத்தை அவன் வேறு எதிலும் கண்டதில்லை. "கதிரவேலு, உனக்கு நல்ல கை," என்றார் லிண்ட், மற்றவர்கள் கைதட்டினார்கள். பிறகு மெதுவாகத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள், ஒவ்வொரு உருவமாக. கடைசி உருவம் முதுகு காட்டிக்கொண்டிருந்தது. வரவில்லை, போய்க்கொண்டிருந்தது, மரங்களுக்குள் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது, விளக்குப் பச்சை, இவன் சுட்டிருந்தான், முதுகின் நடுவில், அச்சொட்டாக. வெறும் படம்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள். அவனும் போனான், உருளைக்கிழங்கும் இறைச்சி உருண்டையும், ஒரு முறை சாப்பிட்டுவிட்டு இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான், நல்ல பசி. அதுதான் அவனைப் பயப்படுத்தியது. படுக்கையில் கிடந்தபோது அந்தப் பயம் வந்தது, கேள்வியை வெறுமையாக விடத் தெரியாதவன் நான், இவர்கள் என் கையில் துவக்கைத் தந்து சுடு என்றால் நான் முழுப் புள்ளி எடுத்துவிடுவேன், மடித்த கடதாசியில் எடுத்த மாதிரி, சைக்கிளில் எடுத்த மாதிரி, இன்னும் கொஞ்சம் முடியும் என்பார்கள், எனக்கு முடியும். வாங்கிய பிறகு நான் நல்லவனாக இருப்பேன் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. அப்படியென்றால் வாங்கக்கூடாது, கணக்கு அவ்வளவுதான். வேதாந்தம் ஒன்றும் இல்லை. தன் கையைத் தனக்குத் தெரியும் என்பதில்தான் அவனுடைய தைரியம் எல்லாம் நின்றது.

அந்த முதுகு. அதை நினைத்தால் அப்பாவிடம்தான் போய் முடியும், வேறு வழி இல்லை, எந்த ஒழுங்கையால் நடந்தாலும் பாதை அங்கேதான் போகிறது. அப்பாவுக்கு இடது காது கேட்காது. தொலைபேசியை எப்போதும் வலது காதில்தான் வைப்பார், பஸ்ஸில் யாராவது இடப்பக்கம் நின்று கேட்டால் முழு உடம்பையும் திருப்புவார். சின்னனில் சைக்கிளால் விழுந்தது என்று சொல்லி வைத்திருந்தார், எல்லாருக்கும் அதுதான் கதை. ஒருநாள் அப்பா கடைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தபோது அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள். "சைக்கிளும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. துவக்கைப் பிடி எண்டு குடுத்தவங்களாம். இவர் பிடிக்கேல்லை. அதுக்குக் காதைப் பொத்தி ஒரு அடி." யார் அம்மா, எந்த ஆக்கள்? "ஆரெண்டு எனக்கும் சொன்னதில்லை. துவக்கு வைச்சிருந்த ஆக்கள் எண்டுதான் சொல்லுவார். பேந்து ஒருநாள் ஓடினாராம், பனங்காணிக்குள்ளாலை. பின்னாலை ஒருத்தன் குறிபார்த்துக்கொண்டு நிண்டவனாம். சுடேல்லை." ஏன் சுடவில்லை? "எனக்கென்ன தெரியும், அவனைத்தான் கேக்கோணும்," என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைச் சட்டிக்குள் போட்டாள், எண்ணெய் பொரிகிற சத்தத்தில் அந்தக் கதை முடிந்துவிட்டது. துவாரகன் அந்தப் பெயர் தெரியாதவனைப் பற்றி இப்போது அடிக்கடி நினைக்கிறான். அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு, விரல் வைத்துக்கொண்டு, விடை நன்றாகத் தெரிந்தும் எழுதாமல் விட்டவன். அவன் தன் தாளில் ஒரு கேள்வியை வெறுமையாக விட்டதால்தான் அப்பா ஓடினார், கடல் தாண்டினார், பஸ் ஓட்டினார், துவாரகன் பிறந்து வளர்ந்து இந்த வரிசையில் நிற்கிறான். அம்மாவுக்கு இதைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்ட அப்பாதான் இந்தத் துவக்குக்காகக் காத்திருக்கிறார். அதுதான் சிக்கல், அங்கேதான் அவனுடைய நெஞ்சு ஒவ்வொரு தரமும் போய்ச் சேலை முள்ளில் மாட்டின மாதிரி மாட்டுகிறது. ஸ்டொக்ஹோம் வீட்டு விறாந்தையில், மூவரும் குடியுரிமை எடுத்த அன்று எடுத்த படத்துக்குப் பக்கத்தில், அப்பா ஏற்கெனவே ஆணி அடித்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை மாட்டிவிட்டார், உள்ளே ஒன்றும் இல்லை. சீருடையும் துவக்குமாக ஒரு படம் எடுத்து அனுப்பு ராசா, பெரிசாக்கிப் போடலாம். கோயில் நிர்வாக சபைக்குச் சொல்லியாயிற்று, கனடாவில் பெரியப்பாவுக்குச் சொல்லியாயிற்று, தன்னோடு வேலை செய்கிற சோமாலியச் சாரதிக்கும் சொல்லியாயிற்று. உங்களுக்குத் துவக்கு எண்டாலே பிடிக்காதே அப்பா என்று ஒருமுறை தொட்டும் தொடாமலும் கேட்டுப் பார்த்தான். "இது வேறை, அது வேறை," என்றார் அப்பா. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு படிச்சனியெல்லே? இந்த நாடு எங்களுக்குச் சோறு போட்டது. இப்ப காலம் சரியில்லை தம்பி. ரீவியைப் போட்டா வந்த ஆக்களைத் திருப்பி அனுப்பிற கதைதான். நீ அந்த உடுப்போடை ஒரு படத்திலை நிண்டிட்டால் பிறகு எங்களை ஒருத்தரும் போ எண்டு சொல்லேலாது." அதைச் சொல்லும்போது அவர் முகம் இருந்த விதம். வெற்றுச் சட்டத்தை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார், தூசு இல்லாத கண்ணாடியை. போ எண்டு சொல்லேலாது. சிறை வரலாம், வழக்கு வரலாம், லிண்ட் கத்தலாம், கூட நிற்பவர்கள் கோழை என்று சிரிக்கலாம், இவை ஒன்றுக்கும் துவாரகன் பயப்படவில்லை, உண்மையாகவே இல்லை, ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டான், விழுங்கக்கூடியவைதான். விறாந்தையில் தொங்குகிற அந்த வெற்றுக் கண்ணாடிச் சட்டம் ஒன்றுதான் பயம். இவன் மாட்டேன் என்ற அன்று, வந்தாரை வாழவைத்த நாட்டுக்கு வந்தவன் பிள்ளை முகத்தைத் திருப்பினான் என்று ஆகிவிட்டால், அப்பா தினமும் அந்தக் கண்ணாடியைக் கடந்துதானே வேலைக்குப் போக வேண்டும்.

"கையெல்லாம் வேர்க்குதா?" என்று எல்சா கார்ல்சன் திரும்பிக் கேட்டாள். அவள் கேட்டது சுவீடிஷில், துவாரகனுக்கு அதுவும் தாய்மொழி மாதிரித்தான். வேர்க்கவில்லை என்றான். "எனக்கு வேர்க்குது. கீழே போட்டிடுவேனோ என்று பயமா இருக்கு. முதல் நாளே கீழே போட்டவளைப் பெயர் வைத்துக் கூப்பிடுவாங்க." போடமாட்டாய் என்றான். அவள் பின்னங்கழுத்தைச் சொறிந்தாள். உன்னை ஒரு நுளம்பு கடித்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன், மன்னித்துக்கொள் என்றான். அவள் சிரித்தாள், "சொல்லியிருக்கலாமே," என்றாள். சொல்லியிருக்கலாம்தான். எல்லாவற்றையும் நேரத்துக்குச் சொல்லியிருக்கலாம், மேசைக்கு முன்னால் அந்த அதிகாரி கேட்டபோதே சொல்லியிருந்தால் இந்த வரிசையே இல்லை, ஆனால் அப்போது சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் இருக்கவில்லையே. சொல்ல ஒன்று வந்த பிறகு சொல்கிறான், பிந்தினால் பிந்தினதுதான். எல்சாவின் முறை வந்தது. பெயரைச் சொன்னாள், கையை நீட்டினாள், இலக்கத்தை வாசித்தாள், குரல் நடுவில் ஒருக்கால் கீச்சிட்டது, கீழே போடவில்லை. அவளுக்காக அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் எடுத்ததில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை, அவள் கை அவள் கை. அவள் திரும்பி அவனைப் பார்த்து, பார்த்தாயா என்று புருவத்தை உயர்த்திவிட்டுப் போனாள். யன்னல் காலியானது.

"அடுத்தது."

முன்னால் போனான். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு தடித்த மனிதர், காலையிலிருந்து இதே வேலை செய்து அலுத்த முகம். கதிரவேலு, என்றான். தாத்தாவின் பெயர் அவன் வாயிலிருந்து முழுதாக, தெளிவாக வந்தது, இந்த முகாமுக்குள் யாரும் இவ்வளவு சரியாக அதை உச்சரித்ததில்லை. மனிதர் பின்னால் திரும்பி ஒரு துவக்கை எடுத்துப் பலகைமேல் வைத்து அவன் பக்கமாகத் தள்ளினார். அருகில் பார்த்தால் வடிவான பொருள்தான். கறுப்பு. பிடியில் சின்னச் சின்னப் பொளிவு, கை வழுக்காமல் இருக்க, யாரோ ஒருவர் மனிதக் கையை நன்றாகப் படித்து அக்கறையோடு செய்திருக்கிறார். அவனுடைய வலது கை தொடையை விட்டுக் கொஞ்சம் அசைந்தது. அவன் அதைப் பார்த்தான். கேள்வி வந்துவிட்டது, விடை தெரியும், விரல் போகப் பார்க்கிறது. எடு, என்றார் மனிதர். நாக்கின் அடியிலிருந்து அது புறப்பட்டது, அப்பாவின் வசனம், பரம்பரைச் சொத்து, பிரச்சினை இல்லை, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றேவிட்டது, வாயைத் திறந்தால் அதுதான் விழும். துவாரகன் வாயைத் திறக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டினான், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டான், வாசலில் நின்ற அம்மாவை ஒரு கணம் பார்த்தான், வெறுமையாக விட்டுவிட்டுத்தான் வரப்போகிறேன் அம்மா, வீட்டுக்கு வரலாமா, பிறகு மூச்சை இழுத்து விட்டான்.

"இல்லை," என்றான். "நான் எடுக்க மாட்டேன்."

மனிதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏதாவது பழுதா?" என்று துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுதில்லை, எதையும் எடுக்க மாட்டேன், என்றான் துவாரகன். குரல் காலையில் கண்ணாடிக்கு முன்னால் இருந்ததைவிடச் சின்னதாகத்தான் வந்தது, ஆனால் வந்தது, கேட்டது, திரும்பப் போகாது. பின்னால் வரிசையில் ஒருவன் என்னடா தாமதம் என்றான். லிண்டின் சப்பாத்துச் சத்தம் கிட்ட வந்தது. அவர் துவக்கைப் பார்த்தார், பின்னால் கட்டியிருந்த கைகளைப் பார்த்தார், புரிந்துகொண்டார், அந்த வேலையில் இருப்பவர்களுக்குப் புரியாமலா போகும். "இது உத்தரவு என்று உனக்குத் தெரியுமா, கதிரவேலு?" தெரியும். "இதை நான் மேலே அறிவிக்க வேண்டி வரும். வழக்காகலாம்." தெரியும். "நல்ல கை உனக்கு," என்றார், கொஞ்சம் கவலையாகவே. அதனால்தான், என்றான் அவன். லிண்ட் வரிசையை விட்டு வெளியே வா என்று கூட்டிக்கொண்டு கப்டனின் அறை வாசலுக்குப் போனார். கப்டன் வரப் பிந்தும், இங்கே நில், என்றவர் இரண்டடி போய்த் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார், என்ன கண்டாரோ, தோளில் தன் துவக்கு தொங்கத் தொங்கப் பக்கத்து அறைக்குள் போய் ஒரு மரக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் உட்காரச் சுவரோடு வைத்தார். "இரு," என்றார். "விழுந்துவிடாதே." போய்விட்டார். துவாரகன் கதிரையின் விளிம்பில் இருந்தான். நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி, சோதனை மண்டபத்தை விட்டு முதல் ஆளாக வெளியே வந்த மாதிரி. யன்னலுக்கு வெளியே வரிசை நகர்ந்தது, அவன் இல்லாமலும் அது நகர்ந்தது. அப்போது காற்சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது.

அப்பா. பஸ்ஸைக் கடைசித் தரிப்பில் நிறுத்திவிட்டு எடுத்திருப்பார், இது அவருடைய தேநீர் நேரம். இன்றைக்குத்தான் துவக்குத் தருவார்கள் என்று அவருக்குத் தெரியும், துவாரகன்தான் சொல்லியிருந்தான். எடுக்காமல் விடலாம், பிறகு கதைக்கலாம், கப்டனைக் கண்ட பிறகு, வழக்கு முடிந்த பிறகு, அடுத்த தையில். இல்லை. ஒரு நாளில் ஒரு நுளம்பு போதும். எடுத்தான்.

"தம்பி! தந்திட்டாங்களோ? எங்கை படம்?"

"அப்பா," என்றான். "தந்தவை. நான் எடுக்கேல்லை."

"படம் எடுக்கேல்லையோ?"

"துவக்கை எடுக்கேல்லை. மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். இனியும் எடுக்கமாட்டன் அப்பா. கப்டன்ரை அறை வாசலிலை இருக்கிறன். வழக்கு வரலாம் எண்டு சொல்லுகினம்."

மறுபக்கத்தில் பஸ்ஸின் கதவு திறந்து மூடுகிற காற்றுச் சத்தம் கேட்டது. துவாரகன் காத்திருந்தான். திட்டு வரும், விசரோ உனக்கு என்று வரும், கோயில் ஆக்களுக்கு என்ன சொல்லுறது என்று வரும், போ எண்டு சொல்லப்போறாங்கள் எங்களை என்று வரும், எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தான், முழுப் புள்ளிக்குரிய விடைகள். ஒன்றும் வரவில்லை. பிறகு அப்பா கேட்டார், துவாரகன் ஒருநாளும் கேட்டிராத ஒரு சின்னப் பொடியனின் குரலில்.

"அடிச்சவங்களோ?"

வைத்திருந்த விடைகளில் இந்தக் கேள்விக்கு ஒன்றும் இல்லை. "இல்லை அப்பா," என்றான்.

"பொய் சொல்லாதை. காதிலை கீதிலை அடிச்சவங்களோ? வடிவாக் கேக்குதோ உனக்கு?"

"கேக்குது அப்பா. ரெண்டு காதும் கேக்குது. ஒருத்தரும் தொடேல்லை. ஒரு கதிரை தந்து இருக்கச் சொன்னவை."

"என்னது?"

"கதிரை அப்பா. இருக்கிறதுக்கு."

"ஆர் தந்தது?"

"சார்ஜன்ட். தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டவர்."

"துவக்கு வைச்சிருக்கிற ஆளோ?"

"ஓம். தோளிலை துவக்கோடைதான் தூக்கிக்கொண்டு வந்தவர்."

அப்பா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று துவாரகனுக்குத் தெரியவில்லை, இரண்டுக்கும் அவரிடம் ஒரே மாதிரி மூச்சுத்தான். யாரோ பயணி ஒருவர் பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்பது கேட்டது, அப்பா அவருக்குச் சுவீடிஷில், பிரச்சினை இல்லை, பிரச்சினை இல்லை என்று சொல்வது கேட்டது. பிறகு தொலைபேசி மறுபடியும் வலது காதுக்கு வந்தது.

"கதிரை தந்தவங்களோ," என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. மூக்கை உறிஞ்சினார். "நீ எப்பிடி இருக்கிறாய், நுனியிலையோ?"

"ஓம்."

"நுனியிலை இராதை. நல்லாச் சாய்ஞ்சு இரு. இருந்துகொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. கதிரை முழுக்கத் தெரியோணும், என்ன? பெரிசாக்கிப் போடுறதுக்கு."

துவாரகன் பின்னால் தள்ளி, முதுகு முழுவதையும் மரத்தில் சாய்த்து இருந்தான். தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான். கதிரையின் கால்கள் படத்துக்குள் வரவில்லை, கையை இன்னும் கொஞ்சம் நீட்டினான், வந்தது.